அப்பாவுடன் கைடு படகில் பெரிய கெளுத்தி பிடிக்கப் போகிறேன்: முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கரையோரம்:

வணக்கம். அடுத்த மாதம் அப்பாவை ஒரு கைடு படகில் ஆற்றுக்குக் கூட்டிப் போகிறேன். பெரிய கெளுத்திக்கென்றே போகிற படகு. விடிவதற்கு முன் கிளம்பி ஆறு மணி நேரம் ஆற்றில் இருப்போம். நாங்கள் இரண்டு பேர், கைடு ஒருவர், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு 71 வயது. சின்ன வயதில் மூங்கில் கம்பும் மண்புழுவும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆற்றங்கரையில் கிடந்தவர். ரீல் வைத்த ராடைக் கையால் தொட்டதுகூட இல்லை. அவருடைய வலது பெருவிரலின் அடியில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. பத்து வயதில் கெளுத்தி முள் ஏறிய இடம். அன்று ராத்திரி முழுக்கக் கடுப்பு தாங்காமல் அழுததை இன்றைக்கும் சொல்வார். அந்த விரல் இப்போதும் முழுசாக மடங்காது.

அம்மா போனதிலிருந்து அப்பா எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. போன மாதம் டிவியில் ஆள் உயரக் கெளுத்தி ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் பிடித்திருந்ததைக் காட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உட்காராமல் நின்றபடியே அது முடியும்வரை பார்த்தார். அன்றைக்கே பதிவு செய்துவிட்டேன்.

எனக்கு மீன்பிடிப்பு தெரியாது. அதனால்தான் கேட்கிறேன். மீன் கடித்தால் அப்பா என்ன செய்ய வேண்டும்? இரண்டு வருடம் முன்பு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர், ஆறு மணி நேரம் படகில் தாங்குவாரா? முள் விஷயத்தில் என்ன கவனம் வேண்டும்? போனில் பேசும்போது கைடு, "மீனை விட்டுவிடுவீர்களா, எடுத்துப் போவீர்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், ஒரு மீன்கூடக் கிடைக்காமல் அவரைத் திரும்பக் கூட்டி வருவது.

---

ஈயக்குண்டு:

சகோதரி, உங்கள் அப்பா மூங்கில் கம்பு பிடித்தவர் என்பதால் முதலில் இதைச் சொல்கிறேன். ராட் வளைந்தால் அவர் சுண்டி இழுக்கக் கூடாது. தக்கை அமுங்கினால் சுண்ட வேண்டும் என்பது அவர் கையில் ஊறியிருக்கும். ஆனால் கைடு படகுகளில் பெரும்பாலும் தூண்டிலில் வட்ட முள் (circle hook என்கிற வளைந்த கொக்கி) கட்டியிருப்பார்கள். அதன் கூர்முனை வெளியே பார்க்காமல் தண்டை நோக்கி உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் இரையை வாயில் வாங்கிக்கொண்டு திரும்பி நகரும்போது, முள் வாயின் ஓரத்துக்கு வழுக்கி வந்து தானாகப் பதியும். சுண்டினால் பதிவதற்கு முன்பே வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. முள் வயிற்றுக்குள் போவது அரிது. விடுகிற மீன் பிழைக்கும்.

நான் முதல் தடவை கைடோடு போனபோது இதைக் காதில் வாங்கியும் செய்யவில்லை. பத்து வருடம் கரையில் நின்று சுண்டிய பழக்கம். காலை ஒன்பது மணிக்குள் மூன்று மீனை விட்டுவிட்டேன். மூன்றாவது, ராடைத் தண்ணீர் வரை வளைத்த மீன். அப்புறம் கைடு என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "அடுத்தது வளைந்தால் பத்து வரை எண்ணு. எண்ணி முடித்த பிறகு கை வை" என்றார். நாலாவது மீன் வந்தது.

ராடின் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள். முதலில் நுனி இரண்டு மூன்று தடவை தட்டும். அது மீன் இரையை ருசி பார்ப்பது, இல்லையென்றால் சின்ன மீன்கள் கொத்துவது. அசையாமல் இருக்க வேண்டும். அப்புறம் நுனி மெதுவாகக் கீழே போகும், திரும்பி வராது. நடுப்பகுதி வளையும், கடைசியில் பிடிக்குப் பக்கத்திலேயே வளைவு தெரியும். அப்போதுதான் ரீலைச் சுற்றத் தொடங்க வேண்டும். ராட் ஹோல்டரில் இருக்கும்போதே நாலைந்து சுற்று சுற்றிவிட்டு, பிறகு எடுக்கலாம். முழு எடையில் மீன் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஹோல்டரிலிருந்து ராடை உருவுவது வாலிபர்களுக்கே சிரமம். கைடே எடுத்து அப்பா கையில் கொடுக்கட்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். ரீலில் டிராக்கை, அதாவது நரம்பு (தூண்டில் கயிறு) எவ்வளவு இறுக்கத்தில் அவிழ வேண்டும் என்று வைக்கிற திருகை, கைடு காலையிலேயே அளவாக வைத்திருப்பார். மீன் ஓடினால் நரம்பு தானாக அவிழும். அந்த நேரத்தில் சுற்றக் கூடாது, டிராக்கைத் திருகவும் கூடாது. நின்றால் சுற்று, ஓடினால் பிடித்துக்கொண்டு நில். இவ்வளவுதான்.

இனி மீன் கிடைக்காமல் போகிற பயம். கைடு படகில் போவதால் கிடைக்கும் பெரிய லாபம் படகோ ராடோ இல்லை, ஆற்றைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் ஆறு மணி நேரம் உங்கள் பக்கத்தில் இருப்பதுதான். அதனால் அவரைச் சும்மா விடாதீர்கள். ஒவ்வொரு தடவை நங்கூரம் போடும்போதும், "ஏன் இங்கே?" என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

அவர் சொல்லப்போவது ஏறத்தாழ இப்படி இருக்கும். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையை வெள்ளம் அறுத்து மடு தோண்டியிருக்கும். விழுந்த மரங்களும் அங்கேதான் வந்து சேரும். பெரிய கெளுத்தி மடுவின் நடுவில் சும்மா படுத்திருக்கலாம். ஆனால் தின்ன வருவது மடுவின் மேல்முனைக்கு, ஆழமில்லாத தரை சரிந்து மடுவுக்குள் இறங்கும் விளிம்புக்கு. ஓட்டம் இரையை உருட்டிக்கொண்டு வந்து அந்த விளிம்பில்தான் போடும். இன்னொரு இடம், வேகமான நீரும் மந்தமான நீரும் ஒட்டிப்போகும் கோடு. மேலே பார்த்தால் நுரையும் சருகும் வரிசையாகப் போகும். மீன் மந்தமான பக்கத்தில் உடம்பு நோகாமல் நின்றுகொண்டு, வேகமான பக்கத்தில் வருவதை எட்டி எடுத்துக்கொள்ளும். பாறைக்கும் பாலத்தூணுக்கும் பின்னால் கிடைக்கும் மறைப்பிலும் இதே கதைதான்.

கைடு படகை மடுவுக்கு மேலே, ஓட்டத்தின் எதிர்த்திசையில் நிறுத்தி, இரையைப் பின்பக்கமாகக் கீழே அனுப்புவார். வாசனை ஓட்டத்தோடு மீனிடம் போய்ச் சேர வேண்டுமே. இரை பெரும்பாலும் அன்றைக்குக் காலையில் வலை வீசிப் பிடித்த மீனின் துண்டு. நான் தலைத்துண்டைத்தான் விரும்புவேன். முள்ளில் உறுதியாக நிற்கும், சின்ன மீன்கள் பிய்த்துத் தின்ன முடியாது. அழுகினால்தான் கெளுத்தி வரும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க ஆற்று இனங்களைச் சொன்னால், சின்ன சேனல் கெளுத்திக்கு நாற்றமான மாவுருண்டை வேலை செய்யும், உண்மைதான். நீலக் கெளுத்தியின் பெரிய உருப்படி ரத்தம் காயாத புது இரைக்குத்தான் வரும். தட்டைத்தலைக் கெளுத்தி இன்னும் ஒரு படி மேலே, உயிரோடு நீந்தும் இரையைத்தான் பெரும்பாலும் தொடும். அரை மணிக்கு ஒருமுறை கைடு இரையை மாற்றினால் அப்பா வருத்தப்பட வேண்டாம். ஓட்டத்தில் ரத்தம் கழுவிப்போன துண்டு வெறும் சக்கை.

ஓர் இடத்தில் அரை மணி, முக்கால் மணி. தட்டவில்லையென்றால் நங்கூரத்தை எடுத்துவிடுவார்கள். நாலு இடம் மாறியும் ஒன்றும் இல்லாத நாட்களும் உண்டு. மழை பெய்து ஆறு மெல்ல ஏறும்போது மீன் கரையோரம் வந்து மேயும். வேகமாக வடியும்போது வாயை மூடிக்கொள்ளும். இதைக் கைடும் மாற்ற முடியாது.

---

அணியம்:

நான் நாலு சீசன் ஒரு கைடு படகில் உதவியாளாக இருந்தவன். வலை வீசுவது, இரை வெட்டுவது, நங்கூரம் இழுப்பது எல்லாம் என் வேலை. ஈயக்குண்டு அண்ணன் மீனைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் படகைப் பற்றிச் சொல்கிறேன்.

சகோதரி, இன்றைக்கே கைடைக் கூப்பிட்டு அப்பாவின் வயதையும் முழங்காலையும் சொல்லுங்கள். பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, படகில் ஏறும்போதுதான் எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தால் ஏறும் இடத்தையே மாற்றியிருப்போம். சரிவான கான்கிரீட் தளத்தில் ஈரப்பாசியில் நடந்து ஏறுவது வேறு, மிதவைத் தளத்திலிருந்து ஒரே மட்டத்தில் கால் வைப்பது வேறு. சாய்மானம் உள்ள நாற்காலி படகில் உண்டா? படகின் பக்கச்சுவர் முழங்கால் உயரமா, இடுப்பு உயரமா? கழிப்பிடத்துக்கு என்ன ஏற்பாடு? 71 வயதுக்காரருக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் அன்றைய நாளைத் தீர்மானிக்கும். கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல கைடு இரண்டு மணிக்கு ஒருமுறை கரையில் ஒதுக்கித் தருவார்.

நங்கூரம் எங்கே கட்டுகிறார் என்று பாருங்கள். ஓடுகிற ஆற்றில் நங்கூரக் கயிறு அணியத்தில், அதாவது படகின் மூக்கில்தான் இருக்க வேண்டும். பின்பக்கம் கட்டினால் மோட்டாரின் பாரமும் சேர்ந்து, ஓட்டம் பின்விளிம்பை அமுக்கித் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். படகு மூழ்க ஒரு நிமிடம் போதும். லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கிறது என்று அவர் சொன்னால் போதாது, ஏறும்போதே அப்பா உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். உடுப்போடும் செருப்போடும் குளிர்ந்த ஆற்றில் விழுந்தவருக்கு அப்போது மாட்டிக்கொள்ள நேரம் இருக்காது.

ஒரு விஷயம் பார்த்தால் அப்பாவுக்குப் பிடிக்கும். எங்கள் படகில் நங்கூரக் கயிற்றின் முனையில் ஒரு பெரிய மிதவைப் பந்து கட்டியிருப்போம். பெரிய மீன் மாட்டி ஓட்டத்தோடு கீழே ஓடினால் நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருக்க மாட்டோம். கயிற்றைப் பந்தோடு கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, படகையே மீனின் பின்னால் மிதக்க விடுவோம். மீனைப் படகில் சேர்த்த பிறகு திரும்பி வந்து பந்தைப் பிடிப்போம். ஓட்டத்துக்கு எதிராகப் பெரிய மீனை இழுத்தால் ஆற்றையும் சேர்த்து இழுக்கிற மாதிரி. கூடவே போனால் அப்பாவின் கைக்குப் பாதி பாரம் குறையும்.

அணைக்குக் கீழே போகிறார்களா என்றும் கேளுங்கள். மதகிலிருந்து வரும் ஓட்டத்தில் அடிபட்ட சின்ன மீன்கள் மயங்கி வரும். அதைத் தின்னக் கெளுத்தி கூட்டமாக நிற்கும். பிடிக்க அருமையான இடம். ஆனால் தண்ணீர் திறந்தால் சில நிமிடங்களில் ஆறு ஏறிவிடும். முதல் பயணம், வயதானவர், முழங்கால் வேறு. நானாக இருந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து, அகலமான மந்தமான நீட்டத்தைக் கேட்பேன்.

அன்று காலையில் கைடு கூப்பிட்டு, "ஆறு மரங்களை அடித்துக்கொண்டு வருகிறது, இன்று வேண்டாம்" என்று சொன்னால் அவரிடம் கோபப்படாதீர்கள். ஒரு சீசனில், வெகுதூரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வற்புறுத்தியதால் நாங்கள் அப்படி ஒரு நாளில் இறங்கினோம். நீருக்குள் மிதந்து வந்த மரம் ஒன்று நங்கூரக் கயிற்றில் மாட்டி, படகின் மூக்கு தண்ணீருக்குள் போகத் தொடங்கியது. கயிற்றை நான்தான் கத்தியால் அறுத்தேன். அதற்குப் பிறகு அணியத்தில் கத்தி கட்டாமல் எந்தப் படகிலும் நான் ஏறியதில்லை.

---

இரவுத்தூண்டில்:

விடியற்காலையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? வெயில் காலம் என்றால் ராத்திரிப் பயணம் கேட்டிருக்கலாம். இருட்டிய பிறகு பெரியவை மடுவை விட்டு ஆழமில்லாத இடத்துக்கு வந்து மேயும். ராடின் மணிச்சத்தத்துக்காக இருட்டில் காத்திருக்கிற சுகம் பகலில் வராது.

---

ஈயக்குண்டு:

தம்பி சொல்வது சரி, தட்டைத்தலைக்குப் போவதென்றால் நானும் ராத்திரிதான் போவேன். ஆனால் முழங்கால் பலவீனமானவர் முதல் தடவையாகப் படகில் ஏறுகிறார். கயிறும் பெட்டியும் கிடக்கிற தளத்தில் அவர் கால் வைக்கும் இடம் அவருக்குத் தெரிய வேண்டும். விடியற்காலையே இருக்கட்டும்.

---

நன்னீர்:

நன்னீர் மீன்களைப் படிப்பதுதான் என் தொழில். முள், விடுவது ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன்.

மீசை குத்தாது. மென்மையான தசை அது. குத்துவது மூன்று முட்கள்: முதுகுத் துடுப்பின் முன்னால் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. மீன் பயந்தால் இவற்றை விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு அமுக்கினாலும் மடங்காது. பல இனங்களில் முள்ளைச் சுற்றியுள்ள தோலில் விஷச் சுரப்பி உண்டு. அதனால்தான் குத்திய காயத்தைவிடக் கடுப்பு பெரிதாக இருக்கிறது. உங்கள் அப்பா பத்து வயதில் அழுதது அதற்குத்தான். சின்ன மீனின் முள் ஊசி மாதிரி கூர்மை. வளர வளர மழுங்கும். எனவே பெரிய மீனைவிட, அலட்சியமாகத் தூக்குகிற சின்ன மீன்தான் ஆபத்து.

குத்திவிட்டால், கை தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணிக்கு மேல் அமிழ்த்தி வைக்கலாம். அந்த விஷம் புரதம் என்பதால் சூட்டில் வலு குறையும், கடுப்பு இறங்கும். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள், ஆற்றுத் தண்ணீரோடு கலந்து சூட்டைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முள் நுனி ஒடிந்து உள்ளே நின்றிருந்தாலோ, மறுநாள் சிவந்து வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று போகும் முன்பே பாருங்கள். அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் அதைக் கைடிடமும் சொல்லுங்கள்.

இனி மீனை விடுவது பற்றி. இதற்கு எல்லா ஆற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. கெளுத்தி அந்த ஆற்றுக்குச் சொந்தமானதா, யாரோ கொண்டுவந்து விட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். மிசிசிப்பியும் அதன் கிளை ஆறுகளும் நீலக் கெளுத்தியின் தாய்வீடு. அதே மீனை 1970களில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள வர்ஜீனியாவின் ஆறுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அது செசபீக் விரிகுடா முழுக்கப் பரவி, அங்குள்ள மீனையும் நண்டையும் தின்கிறது. அங்கே, பிடித்தால் எடுத்துப் போங்கள் என்றுதான் அதிகாரிகளே சொல்கிறார்கள். ஸ்பெயினின் எப்ரோ ஆற்றில் ஐரோப்பாவின் ராட்சதக் கெளுத்தியான வெல்ஸ் கெளுத்தியை விட்டது 1974ல். இன்று ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் கைடு வைத்து அதைப் பிடிக்க அங்கே போகிறார்கள். அந்த ஆற்றின் சொந்த மீன்களுக்கு அது நல்லதாக அமையவில்லை.

மீன் அந்த ஆற்றின் சொந்த மீன் என்றால் என் பதில் தெளிவானது. விதி அனுமதிக்கும் அளவில் சின்னது ஒன்று இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், பெரியதை விடுங்கள். நீலக் கெளுத்தி 20 வருடம் தாண்டியும் வாழும். உங்கள் அப்பா தூக்கிப் பிடிக்கப்போகும் பெரிய மீனுக்கு, நீங்கள் பள்ளிக்குப் போன காலத்தளவு வயது இருக்கலாம். அதன் இடத்தை இன்னொரு மீன் நிரப்ப அத்தனை வருடம் ஆகும். முட்டையிடும் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். சேனல் கெளுத்தி தண்ணீர் 24 டிகிரியைத் தாண்டும்போது பொந்துகளிலும் மரக்குடைவுகளிலும் முட்டையிடும். முட்டையைக் காப்பது ஆண். வாலால் தண்ணீரை விசிறிக்கொண்டே இருக்கும். அதைத் தூக்கிவிட்டால் முட்டைகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

2011ல் வர்ஜீனியாவில் பிடித்த நீலக் கெளுத்தி 143 பவுண்டு, ஏறத்தாழ 65 கிலோ. அந்த இனத்தில் இன்றும் அதுதான் உலகச் சாதனை. 2023ல் இத்தாலியின் போ ஆற்றில் ஒரு வெல்ஸ் கெளுத்தி கிடைத்தது. நீளம் 285 சென்டிமீட்டர். அளந்துவிட்டு ஆற்றிலேயே விட்டார்கள்.

விடும் முறையும் முக்கியம். தாடையில் கொக்கி மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுக்கக் கூடாது. தண்ணீரில் எடையற்று வாழ்ந்த உடம்பு, அதன் முழுப் பாரமும் கழுத்து மூட்டில் விழும். எடை பார்க்கத் துணித்தொட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை தாடையிலும் ஒரு கை வயிற்றடியிலும் வைத்து, படுக்கைவசமாகத் தூக்க வேண்டும். கெளுத்திக்குச் செதில் இல்லை. தோலின் மேல் உள்ள வழவழப்புதான் கவசம், காய்ந்த துணியும் சூடான தளமும் அதை உரித்துவிடும். கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்குங்கள். விடும்போது தலையை ஓட்டத்தைப் பார்த்து வைத்துப் பிடித்திருந்தால் செவுள் வழியே தண்ணீர் ஓடும். அது தயாரானதும் தானே கையிலிருந்து வழுவிப் போகும்.

இன்னொன்று. சேனல் கெளுத்தியின் உடம்பு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் சுவைமொட்டுகள் உண்டு, வாயில் மட்டும் இல்லை. அது காற்றுப்பையைக் காதோடு இணைக்கிற சின்ன எலும்புகளால் நன்றாகக் கேட்கவும் செய்யும். படகின் தளத்தில் பெட்டியைத் தடாலென்று வைக்காதீர்கள். பேசலாம், பேச்சு அதற்கு ஒரு பொருட்டில்லை.

---

கரையோரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று கைடைக் கூப்பிட்டு முழங்கால் விஷயத்தைச் சொன்னேன். மிதவைத் தளத்துக்கே வந்து ஏற்றிக்கொள்வதாகவும், சாய்மான நாற்காலி போடுவதாகவும், நடுவில் இரண்டு தடவை கரை ஒதுக்குவதாகவும் சொன்னார். அணைப்பக்கம் வேண்டாம் என்றேன், சரி என்றார். மீன் அந்த ஆற்றுக்குச் சொந்தமானதுதானாம். அப்பாவிடம் பெரியதை விடுவது பற்றிப் பேசினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பிடித்த பிறகு அதன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.

போய்வந்து எழுதுகிறேன்.

---

கரையோரம்:

போய்வந்துவிட்டோம். இரண்டு நாளாக எழுத நினைத்து இன்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. மூன்று இடம் மாறினோம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பா மட்டும் கைடிடம் ஈயக்குண்டு அண்ணன் சொன்ன கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் இங்கே, ஏன் இந்தப் பக்கம், அடியில் மணலா சேறா. கைடு சோனார் திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினார். தரை சரிந்து இறங்குவதும், அதன் மேல் சின்ன வளைவுகளாக மீன்கள் நிற்பதும் தெரிந்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். 60 வருடம் முன்பு கம்பை ஊன்றி ஆழம் பார்த்தவர், முதல் தடவையாக ஆற்றின் தரையைக் கண்ணால் பார்த்தார். அந்த இரண்டு மணி நேரமும் அவருக்கு வீணாகவில்லை என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

நாலாவது இடம் தேடிப் போகும்போது அப்பா கையை நீட்டி, "அங்கே நுரை நிற்கிறது பாருங்கள்" என்றார். விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்துக்குக் கீழே, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, நுரை ஓடாமல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. கைடு படகின் வேகத்தைக் குறைத்துச் சுற்றிவந்து திரையைப் பார்த்தார். ஒன்பது மீட்டர் ஆழம். "நான் இங்கே போட்டு வெகுநாள் ஆகிறது ஐயா, போட்டுப் பார்ப்போம்" என்று நங்கூரத்தை இறக்கினார்.

இருபது நிமிடம் இருக்கும். இடப்பக்க ராட் இரண்டு தடவை தட்டியது. அப்பாவின் வலது கை தானாக எழுந்தது. அவரே இடது கையால் அதைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டார். வாய்க்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. ஏழோ எட்டோ எண்ணும்போது ராட் தண்ணீரைத் தொடுகிற மாதிரி வளைந்தது. கைடு நாலு சுற்று சுற்றி எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மிதவைப் பந்தை அவிழ்த்துவிடும் அளவுக்குப் பெரிய மீன் இல்லை. இருந்தாலும் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை நேராக மரத்தைப் பார்த்து ஓடியது. கைடு, "ராடை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்" என்று சொல்லும் முன்பே அப்பா சாய்த்திருந்தார். கெளுத்தி நாற்காலி உயரத்துக்கு இருந்தது. துணித்தொட்டிலில் வைத்தபோது 14 கிலோ காட்டியது. அப்பா நாற்காலியிலிருந்தபடியே இரண்டு கையிலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் படம் எடுத்தேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கைடு ஒரு பக்கம் பிடிக்க, பக்கச்சுவருக்கு மேலே குனிந்து அவரே தண்ணீரில் பிடித்திருந்தார். போகும்போது வாலால் அடித்ததில் அவர் முகமெல்லாம் தண்ணீர். துடைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு சின்னது கிடைத்தது. முதலாவதன் முள்ளை நான் தொடப்போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்து, விரலை முள்ளுக்குப் பின்னால் கொடுத்து மீனை அவரே தூக்கிக் காட்டினார். பிளாஸ்க் வெந்நீர் தேவைப்படவில்லை. முழங்காலும் தாங்கியது. மறுநாள் காலை மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது, ஐஸ் வைத்ததும் இறங்கிவிட்டது.

இப்போது இன்னொரு கேள்வி. அப்பா ராட் வேண்டும் என்கிறார். அவருடைய வலது பெருவிரல் சரியாக மடங்காததால், படகில் ரீலின் கைப்பிடியைச் சுற்றும்போது இரண்டு தடவை நழுவியது. இடது கையால் சுற்றுகிற ரீல் கிடைக்குமா? கரையில் உட்கார்ந்து பிடிக்க எது சரியாக இருக்கும்?

---

ஈயக்குண்டு:

படித்துவிட்டு என் மனைவியையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

கிடைக்கும். ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள், பெரும்பாலானவற்றில் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டலாம். ரீலின் அளவு எண் 6000 போதும். கைப்பிடிக் குமிழ் உருண்டையாகப் பெரிதாக இருப்பதைப் பாருங்கள், மடங்காத விரலுக்கும் பிடிமானம் கிடைக்கும். மீன் இழுத்தால் நரம்பைத் தாராளமாக விடுகிற பெய்ட்ரன்னர் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, கரையில் ராடையே மீன் இழுத்துக்கொண்டு போகாது. ராட் எட்டு அடி, ஃபைபர் கிளாஸ் கலந்தது, நுனி மெதுவாக வளைவது. கடையில் அப்பாவையே கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராடை ஊன்றி வைக்க ஓர் இரும்புத் தாங்கியும் சேர்த்து வாங்குங்கள். வட்ட முள்ளும் மறக்காதீர்கள், இனி அவர் சுண்ட மாட்டார்.